பிரேக் ஆயிலை மாற்றியது யார்

முட்டைக்கோஸ் வெட்டி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. சாலையோரக் கொட்டகையில் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கத்தியோடு இறங்கியபோதே தூறல். ஈரத்தோடு கட்டிய கோஸ் நாற்பது மணி நேரம் தாங்கும். அதற்குமேல் தண்டுப் பக்கம் கறுக்கத் தொடங்கும். மலைக்குக் கீழே, லா திரினிதாத் நகரச் சந்தையில் வியாபாரி பையைப் பிரித்து முகர்ந்து பார்ப்பான். பாதி விலை சொல்வான்.

பெனிதா இரண்டு பைகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே சூடு தெரிந்தது.

கொட்டகைக்கு முன்னால் அவர்களுடைய சின்ன லாரி, நான்கு சக்கரமும் இல்லாமல், மரக்கட்டைகளின் மேல் நின்றது. அடியில் மார்செலோ படுத்திருந்தான். ரப்பர் பூட்ஸ் போட்ட கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெனிதாவின் தம்பி சிமியோன் பக்கத்தில் குந்தி, டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது இருக்கா மனோங்?" என்றான் சிமியோன். அக்கா புருஷனை அவன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

"இருக்கு. ஓட்டத் தெரியாத மச்சினன் ஒருத்தன் இருக்கான்."

"பதினோரு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன்."

"இறக்கம் பூரா பிரேக்லயே காலை வச்சிட்டு வந்திருப்பே. லைனிங் காஞ்சுபோயிருக்கும்."

"ரெண்டாவது கியர்லதான் வந்தேன்."

"ரெண்டாவது கியர்ல வந்தவன் ஏன் சாக்கடையில போனான்?"

"ஏன், பள்ளத்துல போகலைன்னு வருத்தமா உனக்கு?"

அடியில் ஸ்பேனர் எதன் மீதோ இடித்தது.

ஆறு நாளைக்கு முன்பு நடந்தது அது. அதோக் என்ற மலையுச்சியைத் தாண்டி ஒன்றரை டன் கோஸோடு இறங்கும்போது, ஏழாவது வளைவில் பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போனது. சிமியோன் கியரைக் குறைத்து, மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி, வண்டியைப் பாறையில் தேய்த்து நிறுத்தினான். இன்னொரு பக்கம் மேகம்தான் தெரிந்தது. மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு அவன் மறுபடி பெடலை மிதித்துப் பார்த்தான். பிரேக் திரும்பி வந்திருந்தது. கல் மாதிரி.

அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தபின் மார்செலோ வண்டியைப் பள்ளிக்கூடம் வரை ஓட்டிப் பார்த்தான். மேட்டில் நிறுத்தினான், பள்ளத்தில் நிறுத்தினான். ஒரு குறையும் இல்லை. இன்று நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டான். லைனிங் புதிது. குழாயில் கசிவில்லை. சிலிண்டர்கள் நன்றாக இருந்தன.

மார்செலோ ஒன்பது வருஷம் செம்புச் சுரங்கத்தின் வண்டிக் கூடத்தில் வேலை பார்த்தவன். கல் ஏற்றும் பெரிய லாரிகளுக்கு அவன் பிரேக் கட்டியிருக்கிறான். இந்த லாரியை இரண்டரை வருஷத்துக்கு முன்பு புதிதாக எடுத்தார்கள். செத்துப்போன தன் அப்பாவின் மேல் அடுக்கு நிலத்தை விற்றுத்தான் பெனிதா முன்பணம் கட்டினாள். முதல் சர்வீஸ்களை எல்லாம் ஷோரூமிலேயே செய்தார்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் வந்தபோது, மூன்று வருஷத்துக்கு ஒரே பேக்கேஜ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மார்செலோ வேண்டாம் என்றான்.

"மூணு மணி நேரம் இறங்கிப் போகணும். காலையில விட்டா சாயங்காலம் தருவான். நான் கண்ணாடிக்கு வெளிய உக்காந்து காப்பி குடிக்கணும். உள்ள இருக்கறவன் பத்தொன்பது வயசுப் பையன். துணியால துடைச்சிட்டுப் புத்தகத்துல முத்திரை குத்துவான். முத்திரையா பிரேக் பிடிக்கும்?"

அப்படித்தான் பதினாறு நாளைக்கு முன்பு இதே கொட்டகையில் அவனே எல்லாவற்றையும் மாற்றினான். இன்ஜின் ஆயில், ஃபில்டர், லைனிங், பிரேக் ஆயில். பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துப் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். அவன் கீழிருந்து "மிதி" என்றான், "பிடி" என்றான், "விடு" என்றான். பெனிதா மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். நான்கு சக்கரத்துக்கும் அரை நாள் ஆனது. அதன்பிறகு முதல் நடை பாதி லோடுதான், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நடையில்தான் சிமியோன் சாக்கடையில் இறங்கினான்.

பெனிதா அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கூடவே உப்புக்கண்டம் போட்ட சௌசௌ குழம்பு. மார்செலோ வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"ஷோரூமுக்குப் போன் பண்ணேன். பேக்கேஜ்ல சேர மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்காம்," என்றாள்.

"யார் பண்ணச் சொன்னது?"

"எனக்கு இருக்கறது ஒரு தம்பி."

"அப்ப நான் அவனைக் கொல்லப் பார்த்தேன்றியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்ன எப்படிச் சொன்னே?"

சிமியோன் கிழங்கை ஊதி ஊதித் தின்றான். "சண்டைன்னா என் பேரை விட்டுட்டுப் போடுங்க," என்றான்.

அப்போது போன் அடித்தது. ஷோரூம் பையன்தான். பெனிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், பேக்கேஜ்ல சேர்ந்துட்டீங்கன்னா மூணு வருஷத்துக்கு நீங்க எதையும் நினைக்கவே வேண்டாம். ஆயில், ஃபில்டர், பிரேக், எல்லாம் எங்க பொறுப்பு."

"இப்ப இருக்கற பிரேக் கோளாறு?"

"சேர்ந்த அன்னிக்கே அதையும் பார்த்துருவோம் மேடம். வண்டியைக் கொண்டு வாங்க."

"இங்க யாரையாவது அனுப்ப முடியாதா?"

"மலைக்கா மேடம்?" பையன் சிரித்தான். "அதுக்கு ஆள் இல்லையே. நீங்க கொண்டு வாங்க."

"டேய் தம்பி!" என்று மார்செலோ போனைப் பார்த்துக் கத்தினான். "அங்க கொண்டு வரதுக்கே பிரேக் வேணும்டா."

பையன் அதற்குக் கோபப்படவில்லை. பிரேக் எப்போது போகிறது, எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சிமியோன் சொன்னான். பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஆறினதும் தானா திரும்பி வந்துச்சா? அப்படின்னா ஆயில்ல ஏதோ கலந்திருக்கு சார். தண்ணியோ, வேற எதுவோ. நீண்ட இறக்கத்துல சக்கரம் சூடாகும். அந்தச் சூட்டுல அது கொதிச்சு ஆவியாயிடும். ஆவியை எவ்வளவு மிதிச்சாலும் அமுங்கிட்டுதான் போகும், பிடிக்காது. ஆறினா பழையபடி ஆயிடும். சும்மா நிக்கற வண்டியில பார்த்தா எதுவும் தெரியாது. பிரேக் ஆயிலை யார் சார் மாத்தினது?"

"நான்."

"ஓ."

"என்ன ஓ?"

"சீல் உடைக்காத டப்பாதானே சார்?"

"என் பல்லாலயே கடிச்சு உடைச்சேன். போதுமா?"

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்களா செஞ்ச வேலைக்கு வாரண்டி..."

மார்செலோ போனை அணைத்தான்.

பெனிதா ஒரு கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உரித்த கிழங்கு கையிலேயே இருந்தது.

"கொஞ்சமா கலந்தாக்கூட அப்படி ஆகுமா?" என்றாள்.

"நீயும் அவன் பக்கம் சேர்ந்தாச்சா?"

"கேட்டேன்."

"கொஞ்சமும் கலக்கலை, நிறையவும் கலக்கலை. புது டப்பா. காஞ்ச புனல். என்னையும் உன்னையும் தவிர யாரும் வண்டிகிட்ட வரலை. மழைகூட அன்னிக்கு இல்லை."

சிமியோன் மெதுவாகச் சொன்னான்: "எதுக்கு வம்பு மனோங். அந்த ஆயிலை ஒரு தடவை எடுத்துட்டு வேற ஊத்திடலாமே."

"அபத்தான் கடையில தீர்ந்துபோச்சு. நாளைக்குச் சாயங்காலம்தான் வருமாம்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

 ஆயிலில் குறையில்லை என்று இவ்வளவு நேரம் சத்தம் போட்டவன், யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். மார்செலோ கிழங்குத் தோலைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

பதினொன்றரைக்கு அகாபிதா வந்தாள். மேல்வீட்டு விதவை; எல்லோருக்கும் மனாங், அதாவது அக்கா. கழுவிய கேரட் எட்டு மூட்டை இந்த லாரியில்தான் போக வேண்டும். முதுகில் ஒரு மூட்டையோடு இறங்கி வந்தவள் சக்கரமில்லாத வண்டியைப் பார்த்து நின்றாள்.

"என் கேரட் நடந்தா போகப் போகுது?"

"ஒரு மணிக்குக் கிளம்பிடலாம் மனாங்," என்றான் மார்செலோ.

"அதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன். புது வண்டி வாங்கினா ஒரு கோழி அறுத்து சக்கரத்துக்கு ரத்தம் காட்டணும். ஊரே காட்டுது. நீங்க மட்டும் காட்டலை."

"பாஸ்டர் கை வச்சு ஜெபம் பண்ண வண்டி இது."

"எங்க வச்சாரு? போனெட் மேலதானே வச்சாரு? பிரேக் மேல வச்சாரா?"

சிமியோன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். மார்செலோ சிரிக்கவில்லை. ஆறு வருஷமாக அவன் ஜெபக்கூட்டத்தில் இருக்கிறான். அன்றிலிருந்து அந்த வீட்டில் செத்தவர்களுக்காகப் பன்றி அறுத்ததில்லை, முன்னோர்களைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. பெனிதாவின் அண்ணன்மார் இதனாலேயே இந்த வாசலுக்கு வருவதில்லை. பெனிதா ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனோடு கூட்டத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவாள். கூடவே கை தட்டுவாள்.

அவள் எழுந்து போய்க் கோஸ் பைகளின் மேலிருந்த தார்ப்பாயைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன்," என்றாள் திரும்பாமலே. "லோடு ஏத்த வேண்டாம். நாளைக்கு ஆயில் வரட்டும். மாத்திட்டு, வெறும் வண்டியா மெதுவா இறங்கி, ஷோரூம்ல விட்டுடலாம். பேக்கேஜ்ல சேர்ந்துடலாம்."

"கோஸ்?"

"வேற வண்டியில போடலாம்."

"யார் வண்டியில? ஒரு வண்டி காலியா இருந்தா சொல்லு. இந்த வாரம் ஊர் பூரா அறுவடை."

"அழுகினா அழுகட்டும்."

அகாபிதா மூட்டையை இறக்கிவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். நாலு மாசம் குனிந்து குனிந்து வளர்த்த கோஸை அழுகட்டும் என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

"உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன் மனாங்."

"அவளுக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றான் மார்செலோ. குரல் இறங்கியிருந்தது. "என் வேலை மேலதான் நம்பிக்கை இல்லை. ஒன்பது வருஷம் சுரங்கத்துல நான் கட்டின பிரேக்ல நாப்பது பேர் ஏறி இறங்கினாங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலை. என் பொண்டாட்டிக்கு முத்திரை வேணும்."

"மார்செலோ."

"சிமியோன் ஓட்ட வேண்டாம். நானே ஓட்டறேன். முழு லோடு. சந்தை வரைக்கும் போய்க் காட்டறேன். பிரேக் போச்சுன்னா நீ சொன்ன மாதிரி பேக்கேஜ் எடு, என்ன வேணா எடு. போகலைன்னா இனி இந்த வீட்டுல ஷோரூம்ங்கற பேச்சே வரக்கூடாது."

"பிரேக் போனா பேக்கேஜ் யாருக்கு மனோங்?" என்றான் சிமியோன்.

"நீ பேசாம சக்கரத்தை மாட்டு."

சக்கரங்களை மாட்டினார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டுகளை இறுக்கினார்கள். பிறகு லோடு. சிமியோன் மேலே நிற்க, மார்செலோ தோளில் தூக்கிக் கொடுத்தான். கோஸ் பைகள் அடியில், கேரட் மூட்டைகள் பின்பக்கம். மழை வலுத்து, விட்டு, மறுபடி தூறியது. ஒன்றே முக்கால் டன்னில் வண்டி நன்றாக உட்கார்ந்துவிட்டது. கயிறு கட்டி முடிக்கும்போது மணி ஒன்றேகால்.

"சாவி எங்க?" என்றான் மார்செலோ.

ஆணியில் சாவி இல்லை. மேஜை இழுப்பறையில் இல்லை. பெனிதா அடுப்பங்கரையில் ஏற்கெனவே கழுவிய தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெனிதா, சாவி."

"அங்கதானே இருக்கும்."

"இல்லை."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அவள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து, அடித்தட்டைத் தூக்கி, இன்னொரு சாவியை எடுத்துக் காட்டினான்.

"சுரங்கத்துல வேலை பார்த்தவன்கிட்ட சாவி ஒண்ணுதான் இருக்கும்னு நினைச்சியா?" முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அவ்வளவு பயமா? என் கை மேல அவ்வளவு பயமா உனக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் அகாபிதா நின்றாள், சந்தைக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டையோடு. அவளுக்குப் பின்னால் சிமியோன்.

"நானும் வரேன்," என்றாள் பெனிதா.

"எதுக்கு?"

"வரேன்."

முன்னால் மூன்று பேர். மார்செலோ, நடுவில் பெனிதா, கதவோரம் அகாபிதா. சிமியோன் மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு படுத்தான். அங்கே இருந்தால் குதிக்கலாம் என்று அவன் சொன்னதை மார்செலோ காதில் வாங்காத மாதிரி இருந்தான்.

உச்சி வரைக்கும் பெரும்பாலும் ஏற்றம்தான். லாரி முனகிக்கொண்டு ஏறியது. வடக்குக் காற்று கண்ணாடி இடுக்கில் நுழைந்தது. சின்னச் சின்ன இறக்கம் வரும்போதெல்லாம் மார்செலோ பிரேக்கைத் தொட்டான். வண்டி ஒழுங்காக நின்றது.

"பாத்தியா?"

பெனிதா சாலையைப் பார்த்தாள்.

இன்னொரு வளைவு. "பாத்தியா?"

"அவளை ஏன் படுத்தறே? ரோட்டைப் பாரு," என்றாள் அகாபிதா.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். அங்கே எல்லா வண்டியும் நிற்கும். மணி மூன்றரை. மேகம் கடைக்குள்ளேயே வந்திருந்தது. மார்செலோ நான்கு கிண்ணம் எலும்புச் சூப் சொன்னான். பழைய மார்செலோ மாதிரி இருந்தான். கடைக்காரியிடம் அவள் புது அடுப்பைப் பற்றிக் கேட்டான். பெனிதா கிண்ணத்தின் மேல் கையை வைத்துச் சூடு காய்ந்தாள். குடிக்கவில்லை.

"மார்செலோ, அந்த ஆயில்..." என்று ஆரம்பித்தாள்.

"கடவுளே." அவன் கரண்டியை வைத்தான். "நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாரு, போ. ஜில்லுன்னு இருக்கு. என் வேலையில தப்பு இருந்தா நான் இனிமே ஸ்பேனரையே தொடமாட்டேன். இவங்க முன்னாடி சொல்றேன். போதுமா?"

சத்தமாகச் சொன்னான். அடுத்த மேஜையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பெனிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடி ஏறினார்கள். உச்சியில் சாலை கொஞ்ச தூரம் சமமாகப் போகும். பிறகு வலப்பக்கம் திரும்பிக் கீழே விழும். அங்கிருந்து லா திரினிதாத் வரை இறக்கம்தான். திருப்பத்துக்கு முன்னால் மார்செலோ வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஜெபித்தான். அகாபிதாவும் சிலுவை போட்டுக்கொண்டாள். மேலே சிமியோன் கூரையை இரண்டு தட்டு தட்டினான், கிளம்பலாம் என்று.

மார்செலோ இரண்டாவது கியரில் போட்டான். லாரி நகர்ந்தது. முன்கண்ணாடியில் சாலை கீழே மடங்கி, மேகத்துக்குள் போவது தெரிந்தது.

பெனிதா குனிந்து, இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. மேலே சிமியோன் ஏதோ கத்தினான்.

"என்ன பண்றே நீ?"

"உன் வேலையில தப்பு இல்லை."

"என்னது?"

"உன் வேலையில ஒரு தப்பும் இல்லை மார்செலோ." அவள் ஹேண்ட் பிரேக்கை விடவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினாள். "அப்பா கனவுல வந்தாரு. மூணு ராத்திரி. கொட்டகையில நனைஞ்சுகிட்டு நிக்கறாரு. என் நிலத்துல வாங்கின வண்டிதானே, எனக்கு வாய் நனைக்க ஒண்ணும் இல்லையான்னு கேக்கறாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? அன்னிக்கு நீ பிரேக் ஆயில் மூடியைக் கழட்டி வச்சிட்டு, டப்பா எடுக்க உள்ள போனே. வண்டி குடிக்கற இடம் அதுதான்னு நினைச்சேன். அவர் பேரைச் சொல்லி ஊத்தினேன். அப்புறம் நீ மிதின்னே, நான் மிதிச்சேன்."

"என்ன ஊத்தினே?"

"ஜின். அரை டம்ளர்."